தம்பியின் வகுப்பில் நான்

பள்ளிக்கூட அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, முழங்கால்களை மடித்துப் பாதி குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம்போலக் குவித்து மெதுவாகத் தட்டினேன்.

மேசையில் இருந்த விபூதித் தட்டின் விளிம்பில் ஓர் ஈ நடந்துகொண்டிருந்தது. அதிபர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, எதுக்குக் கை தட்டுறீர்?"

அம்மாவின் முகம் வியர்த்துவிட்டது. "குறை நினைக்காதேங்கோ சேர். பெரிய ஆக்களைக் கண்டா அங்கை உப்பிடித்தான் மரியாதை செய்யிறது. பிள்ளைக்குப் பழகிப்போச்சு."

"எங்கை?"

"சாம்பியாவிலை, சேர்."

அதிபர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "இஞ்சை கும்பிட்டாக் காணும்" என்றார்.

எனக்குப் பின்னால் அம்மாவின் சேலையை ஒட்டிக்கொண்டு தம்பி சேந்தன் நின்றான். அவனும் தட்டுவதற்காகத் தன் கைகளைக் குவித்துத் தயாராக வைத்திருந்தான். நான் பட்ட பாட்டைக் கண்டதும் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அதிபர் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குப் பன்னிரண்டு வயது. அதுதான் என் வகுப்பு. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. பிறகு ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வந்தது. அதில் சில எழுத்துகள் தெரிந்தன. அவற்றைக் கூட்டிச் சொல்லாக்க முடியவில்லை.

"வாய் கதைக்கும் சேர். எழுத்துத்தான் வராது" என்றார் அம்மா.

"தம்பிக்கு எத்தினை வயசு?"

"பத்து."

"அப்ப ரெண்டு பேரும் அஞ்சிலை இருக்கட்டும். வருசக் கடைசியிலை பாப்பம். பாஸ் பண்ணினா மேலை போகலாம். இல்லாட்டி இன்னொருக்கா அஞ்சு."

அம்மா தலையாட்டினார். எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. தம்பி பாஸ் பண்ணி நான் பெயிலானால், அடுத்த வருடம் அவன் எனக்கு மேல் வகுப்பில் இருப்பான்.

இரண்டு செம்மண்

நாங்கள் ஏன் சாம்பியாவில் இருந்தோம் என்று இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். அப்பா உரும்பிராயில் பிறந்த கணக்கு ஆசிரியர். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆசிரியர்கள் ஆபிரிக்கா போனார்கள். அவர்களில் ஒருவராக அப்பாவும் போனார். கிட்வே என்ற செப்புச் சுரங்க நகரத்தில் அவருக்கு வேலை. நாங்கள் போனபோது எனக்கு நாலு வயது, தம்பிக்கு இரண்டு.

அந்த ஊர் மண்ணும் சிவப்பு. உரும்பிராய் மண்ணும் சிவப்பு. வந்து இறங்கிய அன்று வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, "நாங்கள் திரும்பிக் கிட்வேக்கே வந்துவிட்டோமா?" என்று தம்பி கேட்டான். ஆங்கிலத்தில்தான் கேட்டான். எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் விளங்கும். எனக்கு அரைகுறையாகக் கதைக்கவும் வரும். அவன் அம்மாவுக்கே ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரச் செய்திகளை அப்பா கிட்வேயில் வானொலியில் கேட்டார். அதன்பிறகு ஊருக்கு வருவதைத் தள்ளிக்கொண்டே போனார். அம்மாதான் ஒருநாள் முடிவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் போனா இதுகள் என்ரை பிள்ளையளே இல்லை. நான் தமிழிலை அழுதாலும் இதுகளுக்கு விளங்காது." எரிகிற இடத்துக்கு யாராவது திரும்பிப் போவார்களா என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அம்மா கேட்கவில்லை. அப்பாவின் ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருந்தது. அவரை அங்கே விட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிட்வேயில் நாங்கள் படித்த பள்ளிக்கூடம் சொர்க்கம் இல்லை. காலையில் ஒரு கூட்டம் பிள்ளைகள், பின்னேரம் இன்னொரு கூட்டம். நாலு பேருக்கு ஒரு புத்தகம். பிரம்பும் இருந்தது. ஆனால் எங்கள் ஆசிரியை மிஸிஸ் பண்டாவுக்கு ஒரு பழக்கம். பாடம் முடிந்ததும் மேசையில் ஏறி இருந்துகொண்டு, "இப்போது உங்களுக்கு எது தெரியாது என்று சொல்லுங்கள்" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் இடைவேளை இல்லை. கேள்வி கேட்காத பிள்ளை நித்திரை கொள்கிறது என்பது அவருடைய முடிவு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தம்பிக்குப் பட்டப்பெயர் 'ரேடியோ'. சுரங்கத்துக்குள் மழை பெய்யுமா, சோளத்துக்கு ஏன் தாடி இருக்கிறது, அதிபருக்கு ஏன் இல்லை என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்குப் பதில் சொல்லிக் களைத்த ஆசிரியர்கள் என்னிடம் வந்து, வீட்டில் அவனை நிறுத்த வழி இருக்கிறதா என்று சிரித்தபடி கேட்பார்கள்.

கோலி கூவியது

உரும்பிராய்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பாசிரியை பூமணி ரீச்சர். மெல்லிய மனிதர், பருத்திச் சேலை, அக்குளுக்குள் ஒரு குடை. அவருடைய வகுப்பில் கை கட்டி இருக்கவேண்டும். கேட்டால் மட்டும் எழுந்து நின்று சொல்லவேண்டும். இங்கே பிள்ளைகளின் கொப்பிகள் எவ்வளவு துப்புரவாக இருந்தன என்பதை நான் முதலில் கவனித்தேன். வாய்பாட்டை அவர்கள் பாட்டுப்போல ஒப்புவித்தார்கள். கிட்வேயில் என் வயதுப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணிய கணக்கை இங்கே பத்து வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொன்னது. எனக்கு வியப்பாகவும் பயமாகவும் இருந்தது.

கடைசி வாங்கில் என்னை இருத்தினார்கள். என் முழங்கால் மேசையில் இடித்தது. தம்பி முன் வாங்கில்.

முதல் கிழமையிலேயே ரீச்சர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அது ஒரு சின்னப் பாடம். விடியற்காலையில் கோழி கூவுகிறது, உழவர் தோட்டத்துக்குப் போகிறார். நான் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாசித்தேன்.

"கோலி... கூவியது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பூமணி ரீச்சரே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு பக்கத்து வளவில் சேவல் கூவும்போதெல்லாம் வகுப்பில் யாராவது, "அக்கா, உங்கடை கோலி கூவுது" என்பார்கள்.

ஆம், அக்கா. தம்பி என்னை அக்கா என்று கூப்பிடுவதை முதல் நாளே கேட்டுவிட்டார்கள். நான் அவர்கள் எல்லோரையும்விட ஓர் அடி உயரம். அதனால் அந்த வகுப்புக்கே நான் அக்காவாகிப் போனேன். என் பெயர் நளாயினி என்பது ரீச்சரின் வரவு இடாப்புக்கு மட்டும்தான் தெரியும்.

வாசுகியின் பள்ளிக்கூடம்

அந்த வகுப்பில் வாசுகி என்று ஒருத்தி இருந்தாள். எண்ணெய் வடியும் இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை, குரல் மட்டும் சந்தைக்குரல். ஒரு நாள் இடைவேளையில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நாக்கை நீட்டுங்கோ."

"ஏன்?"

"நீட்டுங்கோ, பாப்பம். ம்... நல்ல நாக்குத்தான். இனி அதை மடிச்சு மேலை கொண்டுபோங்கோ. முட்டக்கூடாது. முட்டினா அது ள. முட்டாமல் சொன்னாத்தான் ழ."

அன்றிலிருந்து இடைவேளைகளில் வேம்புக்குக் கீழே வாசுகியின் பள்ளிக்கூடம் நடந்தது. பத்து வயதுப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி இருந்து, பிழை விட்டால் தலையில் குட்டுவார்கள். பிழை இல்லாமல் ஒரு பந்தி வாசித்தால் நெல்லிக்காய் தருவார்கள். பதிலுக்கு நான் கிட்வேயில் படித்த கைதட்டுப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் உரும்பிராயின் அந்த வேம்புக்கடியில் பெம்பா மொழிப் பாட்டு ஒன்று, ஒருவருக்கும் அர்த்தம் தெரியாமல், கணீரென்று கேட்டது.

ஹெலிகொப்டர் வந்தால் எல்லோரும் பதுங்கு குழிக்குள் இறங்குவோம். மேல்வகுப்பு மாணவர்கள் வெட்டிப் பனங்குற்றி போட்டு மூடிய குழி. உள்ளே ஈரமண் மணக்கும். அங்கேயும் வாசுகி விடமாட்டாள். "சும்மா இருக்கிற நேரத்துக்குச் சொல்லுங்கோ அக்கா, வாழைப்பழம், கிழங்கு, தாழம்பூ..."

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஐப்பசி மாதம் முதல் பெருமழை பெய்து ஓய்ந்தது. முற்றத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு ஈசல்கள் கிளம்பின. கிட்வேயிலும் இதே மாதத்தில்தான் முதல் மழை, இதே ஈசல்கள். அங்கே மிஸிஸ் பண்டாவே புத்தகத்தை மூடிவிட்டு, "ஓடுங்கள்!" என்பார். பிடித்து, இறகு உதிர்த்து, வறுத்து, உப்புப் போட்டுத் தின்போம். சைவமான எங்கள் வீட்டுக்கு அது கடைசிவரை தெரியாது.

பழக்கதோஷம். வகுப்பிலிருந்து எழுந்து ஓடிப்போய் இரண்டு கையாலும் ஈசல் பிடிக்கத் தொடங்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முழுப் பள்ளிக்கூடமும் யன்னல்களில் நின்றது.

"அக்கா, உதை என்ன செய்யப் போறியள்?" என்று வாசுகி கத்தினாள்.

"வறுத்தா நல்லா இருக்கும்."

இரண்டு நாட்கள் ஒருத்தியும் என்னோடு சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வாசுகி தனியாக வந்து, என்ன ருசி என்று காதுக்குள் கேட்டாள். நிலக்கடலை மாதிரி என்றேன். அதோடு சமாதானம்.

இப்படியாக நான் சிரிப்பும் குட்டும் வாங்கி அந்த வகுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். தம்பியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவன் எழுத்தை ஒரே தவணையில் பிடித்துவிட்டான். கட்டுரையில்கூட நல்ல புள்ளி எடுத்தான். பூமணி ரீச்சர் அம்மாவைச் சந்தையில் கண்டபோது சொன்னாராம்: "தம்பி தங்கமான பிள்ளை. வாயே திறக்கமாட்டார்." அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பலமுறை சொல்லி மகிழ்ந்தார்.

வீட்டில் அவன் என்னோடு முன்புபோலவே ஓயாமல் ஆங்கிலத்தில் கதைத்தான். அதனால் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நடக்காத சோதனை

மார்கழியில் வருடக் கடைசிச் சோதனை. நான் எவ்வளவு படித்தேன் என்றால், கனவில் வந்தவர்கள்கூட ழகரத்தைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கிழமை பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் வந்து தோட்டங்களில் விழத் தொடங்கியது. சோதனையின் முதல் நாளே அதிபர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார்.

"இந்த முறை சோதினை இல்லை. எல்லாரும் பாஸ். சத்தம் போடாமல் வீட்டை போங்கோ."

பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டே ஓடினார்கள். நான் மட்டும் முற்றத்திலேயே நின்றேன். ஒரு வருடம் முழுக்கப் பயந்து, குட்டு வாங்கி, நாக்கு மடித்துப் படித்தேன். இப்போது நான் பாஸா பெயிலா என்று யாருக்குமே தெரியப்போவதில்லை, எனக்கும்கூட.

இங்கே பிள்ளைகள் அழைக்காமல் அதிபரின் அறைக்குள் போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். இந்த முறை கும்பிட்டேன்.

"என்ன பிள்ளை, வீட்டை போகேல்லையோ?"

"என்னைச் சோதியுங்கோ சேர்."

"என்ன?"

"நான் படிச்சனான் சேர். சோதிக்காமல் விட்டா எனக்குப் படிப்பு வந்ததோ இல்லையோ எண்டு தெரியாது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோதினை வையுங்கோ எண்டு கேட்டு வந்த முதல் பிள்ளை நீர்தான்" என்று சொல்லி, மேசையில் கிடந்த அன்றைய பேப்பரை என் பக்கம் தள்ளினார். விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். வானிலைச் செய்தி.

"வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று தொடங்கியது. தாழமுக்கம்! வாசுகி அதைப் பார்த்திருந்தால் கைகொட்டியிருப்பாள். கீழ்க்கரையில் மழை, தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம், பருத்தித்துறை மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போகவேண்டாம். ழகரமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நான் ஒன்றிலும் முட்டவில்லை. கடைசியில் 'எச்சரிக்கப்பட்டுள்ளனர்' என்ற நீளமான சொல்லில் மட்டும் தடக்கி எழும்பினேன்.

அதிபர் பிறகு மனக்கணக்கு இரண்டு கேட்டார். சொன்னேன்.

"நீர் ஆறுக்குப் போகத் தேவையில்லை. தை மாதம் ஏழிலை வந்து இரும்."

கிணற்றடி

வாசலுக்கு ஓடிவந்து வாசுகியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் துள்ளவில்லை.

"அப்ப நீங்கள் எங்களோடை வரமாட்டியளோ?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உங்கடை தம்பிக்காக இனி ஆர் கதைக்கிறது?"

"ஏன், அவனே கதைப்பான்."

"அவன் ஊமையெல்லோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் சிரிக்கவில்லை.

"ஆர் சொன்னது ஊமை எண்டு?"

"எல்லாருக்கும் தெரியுமே. அவன் ஒருநாளும் கதைச்சதில்லை. ரீச்சர் கேட்டா நீங்கள் சொல்லுறியள், இல்லாட்டி அவன் எழுதிக் காட்டுறான். உங்களை மட்டும் அக்கா எண்டு கூப்பிடுவான். சில ஊமையள் ஒரு சொல்லு சொல்லுங்களாம், எங்கடை அம்மா சொன்னவ."

தம்பியைத் தேடிப் போனேன். வகுப்பில் இல்லை. வேம்புக்கடியில் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் கிணற்றடியில், தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த ஒடுக்கமான நிழலில் குந்தியிருந்தான். மண்ணில் குச்சியால் எதையோ கீறிக்கொண்டிருந்தான். மதில் முழுக்கப் பழைய கீறல்கள்: லொறிகள், சுரங்கக் கோபுரங்கள். ஒரு வருட இடைவேளைகள் அந்த மதிலில் இருந்தன.

ஏன் கதைப்பதில்லை என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னான்: கோழியை நீ கோலி என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உன் அளவுக்குக்கூடத் தமிழ் வராது. வாய் திறக்கவில்லை என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பிறகு நாள் போகப்போக, திடீரென்று எப்படிக் கதைப்பது என்று தெரியவில்லை.

கிட்வேயில் இப்படி ஒருவன் ஒரு நாள்கூட இருந்திருக்க முடியாது. மிஸிஸ் பண்டா இடைவேளைக்கு விடமாட்டார். இங்கே அவனுடைய மௌனம் நல்லொழுக்கம் ஆகிவிட்டது. வாய்பாட்டில் பிழை விட்டால் கவனித்திருப்பார்கள். வாய் திறக்காதது பிழையாக யாருக்கும் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்புக்குப் போவதைச் சொன்னேன். அவன் குச்சியைக் கீழே வைத்தான்.

"நல்லது" என்றான். "அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவன் எதுவும் கதைக்கவில்லை. என்னோடுகூட.

அப்பா வந்தார்

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார். உரும்பிராய்ச் சந்தியில் இறங்கும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள், மகள் பேப்பர் வாசித்து ஏழாம் வகுப்புக்குப் பாய்ந்த கதையை. பெட்டியை இறக்கி வைக்க முன்னரே என் தலையைத் தடவினார். "கெட்டிக்காரி! ஒரு வருசந்தான் பிந்தியிருக்கு. அதை நான் பிடிச்சுத் தாறன்."

"அப்பா, நான் ஆறாம் வகுப்புக்குத்தான் போகப்போறன்."

"ஏன்?"

தம்பி கதவோரம் நின்றான். அவனை நான் பார்க்கவில்லை.

"ஏழு கஷ்டமாய்க் கிடக்கும். எனக்குப் பயமாக் கிடக்கு."

"அதிபரே போ எண்டு சொல்லியிருக்கிறார். பிறகென்ன பயம்?"

"எனக்கு வேண்டாம் அப்பா."

அம்மா என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். அவர் உரத்துக் கதைக்கிற மனிதர் இல்லை.

"பின்னுக்கு நிக்க ஆசைப்படுற பிள்ளையை நான் இப்பதான் காணுறன்" என்றார்.

அந்தச் சொல் என் உடம்பில் பல நாள் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை முன்னுக்குத் தள்ளிய மனிதர் அவர். அடுத்த நாள் அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதிபரும் கேட்டுப் பார்த்தார். கடைசியில், "பிள்ளையின்ரை விருப்பத்துக்கு விடுங்கோ" என்றார். அதன்பிறகு அப்பா என் படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. தம்பியின் கொப்பிகளை மட்டும் பார்ப்பார்.

பிறகு?

ஆறாம் வகுப்பில் நான் செய்தது ஒரே ஒரு வேலைதான். தம்பிக்காகக் கதைப்பதை நிறுத்தினேன்.

ரீச்சர்மார் அவனைக் கேட்டால் முழு வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் யன்னலால் வெளியே பார்ப்பேன். அவன் எழுந்து நிற்பான். நின்றுவிட்டு இருப்பான். வாசுகிக்கு என்மேல் கோபம். "பாவம் அக்கா, சொல்லிவிடுங்கோவன்" என்று இடிப்பாள். எனக்கும் சொல்லிவிடவேண்டும் போலத்தான் இருக்கும். ஒரு முறை அவன் நின்ற நிலையில் காதுகள் சிவந்து போனதைப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஏழாம் வகுப்புக்கே போயிருக்கலாமோ என்று நினைத்தேன்.

ஒரு நாள் சமூகக்கல்விப் பாடம். கனிப்பொருள்கள். புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர் படிப்பித்தார். செப்பு எங்கே கிடைக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நான் யன்னலைப் பார்த்தேன்.

"சாம்பியா."

அது தம்பியின் குரல். அவன் எழுந்து நிற்கக்கூட இல்லை.

"ஓம், சரி. உமக்கு எப்பிடித் தெரியும்?"

தம்பி எழுந்தான். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "நாங்கள் அங்கை... இருந்தது. மைன் இருக்கு. கீழை. மனிசர் போகும்... தலையிலை லைற் போட்டு. சங்கு ஊதும்."

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். தம்பி நின்றுவிட்டான். வாய் மூடிக்கொண்டது. போன வருடத்தின் சிரிப்பு மறுபடி வந்து அவனை மூடப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது அவனுக்குப் பக்கத்திலிருந்த ரவி என்ற பையன், கன்னத்தில் கை வைத்தபடி கேட்டான்: "பிறகு?"

கேலி இல்லை. அவனுக்கு மெய்யாகவே தெரியவேண்டியிருந்தது.

"பிறகு... லிப்ற் போகும். கிணறு மாதிரி. எங்கடை கிணறு இல்லை. கனக்க ஆழம்."

"எவ்வளவு ஆழம்?"

"கீழை சூடு. மேலை குளிர். கீழை வேர்க்கும்."

"தண்ணி வராதோ?"

"வரும். மெசின் இழுக்கும்."

பிழையான தமிழ், பாதி கையாலும் மீதி வாயாலும். ஆனால் கிணறு வெட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆழத்தைப் பற்றிச் சொன்னால் விடுவார்களா? மணி அடித்த பிறகும் அவனைச் சுற்றி நின்றார்கள். வாசுகி என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, உவன் ஊமை இல்லை! பொய்க்காரன்!" அவள் கண்கள் நனைந்திருந்தன. என் கண்களும்தான்.

வாசலில்

அதற்குப் பிறகு ஷெல் ஓய்ந்திருந்த ஒரு கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வழக்கம்போல வாசலில் தம்பிக்காக நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடப்போம். பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். அவனைக் காணவில்லை.

பிறகு ஒரு சைக்கிள் வந்தது. ரவி மிதிக்க, தம்பி முன் பாரில் இருந்தான். பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்கள். என்னைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

"அக்கா, நீ போ! நாங்கள் கோயில் வீதியிலை விளையாடப் போறம்!" என்று கத்தினான். தமிழில். அடுத்த நொடியே என்னை மறந்து, "டேய், உவன்தான் போனமுறை பந்தைத் துலைச்சவன்" என்று யாரையோ காட்டிக் கத்திக்கொண்டு போனான். தூசி அடங்கும்வரை நான் அங்கேயே நின்றேன். அந்த ஊருக்கு வந்து முதல் முறையாகத் தனியே வீட்டுக்கு நடந்தேன். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நடுவில் கொஞ்சம் அழுகையும்.

வீட்டு முற்றத்தில் அப்பா மட்டும் இருந்தார்.

"தம்பி எங்கை?"

"கூட்டாளியளோடை விளையாடப் போட்டான் அப்பா."

"தனியவோ? ஹெலி வந்தா?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோதும் தனியாகவே வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றார்.

"அவுட்டோ இல்லையோ எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்றார். "நல்லாத் தமிழ் கதைக்கிறான். எப்ப தொடக்கம்?"

"இந்த வருசந்தான்."

"போன வருசம்?"

நான் படலைப் பக்கம் பார்த்தேன். அப்பா கணக்கு ஆசிரியர். நான் ஏன் ஆறில் நின்றேன் என்ற கணக்கை நின்ற இடத்திலேயே அவர் செய்து முடித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் படலை திறந்து மதிலில் மோதியது.

"அம்மா! பசிக்குது! சாப்பாடு போடுங்கோ!"

தலை முதல் கால்வரை செம்மண்ணாக நின்றான்.

"மெல்லக் கதையடா, ஊருக்கே கேக்குது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.